மூன்றாம் வளைவில் நின்றவள்

என் மாமனாரை நான் ஒருமுறை அழவைத்துச் சிரித்தேன். அதை வீடியோவும் எடுத்தேன். எடுத்ததோடு விட்டேனா, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே நாலு சிரிக்கிற பொம்மையும் ஒட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரிந்துகொண்டு, இவ்வளவு நேரம் இவனிடமா கதை கேட்டோம் என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அப்போது நான் ‘சந்தோஷத் தீவு’ பார்க்கில் வேலை பார்த்தேன். வெள்ளை கேட் ஜங்ஷன் தாண்டி, பெங்களூர் ஹைவேயை ஒட்டி இருந்தது. இப்போது போய்த் தேடினால் நீலத் தகரம் போட்ட குடோன்கள்தான் இருக்கும். ராட்சத ராட்டினம், வாத்துப் படகு, தலையாட்டும் டைனோசர் எல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தன என்றால் குடோன் செக்யூரிட்டிகூட நம்ப மாட்டார். எங்கள் பார்க்கில் பேர் போனது பேய்க் குகை. அதன் ஆபரேட்டர் குமாரவேல், அதாவது நான். பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு. தெருவில் பாதிப் பேர் பட்டு நெய்ய, நான் மட்டும் தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்தப் போவேன்.

குகைக்குள் நாலு பெட்டி வைத்த சின்ன ரயில் போகும். முதல் வளைவில் எலும்புக்கூடு, இரண்டாவதில் வௌவால். அதற்கெல்லாம் மூன்று வயதுக் குழந்தைகூடச் சிரிக்கும். மூன்றாம் வளைவில் அவள் நிற்பாள். ஏழடி உயரம், ஃபைபர் உடம்பு, விரித்த தலைமயிர், தொங்கும் நாக்கு. நான் பட்டனை அழுத்தினால் கண்ணில் சிவப்பு பல்பு எரிந்து வலது கை மேலே போகும். அவளைச் செய்த ஸ்தபதி கோயில் கோபுர வேலை செய்கிறவன். புதிதாக அச்சு எடுக்கச் சோம்பல்பட்டு, கையிலிருந்த காளி அச்சிலேயே நாலு கையை இரண்டாக்கிப் பேய் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அந்தக் கணக்குதான்.

என் மாமனார் அப்பாதுரை. திருமுக்கூடலுக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரை ஊர். ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு பெண்கள், தினமும் ஒரு குவார்ட்டர். மூத்தவள் தேவகியை எனக்குக் கொடுத்தார். சின்னவள் சத்யப்ரியா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு உரிமை உண்டு. மாமனாரை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘மாப்ள தமாஷ் பண்ணுவாரு’ என்று பல்லைக் காட்ட வேண்டும். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அது ஒரு தண்டனை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

2018 பொங்கல் முடிந்த மறுவாரம் ஸ்டாஃப் குடும்பங்களுக்கு இலவச பாஸ் கொடுத்தார்கள். மாமனார் வீடு மொத்தமும் வந்தது. மாமனார் புது வேட்டி கட்டி, காலையிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். “மாமாவுக்குத்தான் முதல் மரியாதை” என்று சொல்லி அவரைத் தனியாக முதல் பெட்டியில் உட்கார வைத்தேன். பின்பெட்டிகளில் தேவகி, சத்யப்ரியா, குழந்தைகள், மாமியார் பூவம்மாள். ரயில் மூன்றாம் வளைவுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

சாதாரணமாக அவள் ஐந்து நொடிதான் தெரிவாள். அன்றைக்கு மூன்று நிமிஷம் வைத்தேன். கையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கண் பல்பை அணைத்துப் போட்டு, பட்டன்கள் இருக்கும் என் சின்ன ரூமின் ஓட்டை வழியாக போனை நீட்டிப் படம் எடுத்தேன். மாமனார் முதலில் கத்தினார். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் அழுதார். வேட்டி நனைந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பின்பெட்டியில் இருந்தவர்களும், இது என் வேலை என்று தெரிந்ததும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது மாமனார் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, “மாப்ள நல்லா தமாஷ் பண்ணிட்டாரு” என்றார். ஆற்றங்கரை ஊருக்குத் திரும்பும்வரை வேறெதுவும் பேசவில்லையாம். குடித்தால் அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் நான்தான் அந்தக் கதையைச் சொல்வேன். சொல்லிவிட்டு வீடியோவைக் காட்டுவேன். சொந்தக்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். மாமனார் அதே பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்.

லாக்டவுனில் மூடிய பார்க் திறக்கவே இல்லை. இரும்பு எல்லாம் எடைக்குப் போனது. ஃபைபர் பொம்மைகளைப் பழைய இரும்புக்காரன் தொடக்கூட இல்லை. “இது உருகவும் உருகாது, மக்கவும் மக்காது, எனக்கு எதுக்குபா” என்றான். இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி முதலாளி எனக்குப் போன் செய்தார். நான் ஒரு சின்ன யானை வண்டியைப் பிடித்து, வாத்து, டைனோசர் தலை, எலும்புக்கூடு, அவள் எல்லோரையும் ஏற்றி, ஓரிக்கைப் பக்கம் காய்ந்து கிடந்த பாலாற்றில் தள்ளிவிட்டு வந்தேன். பட்டப்பகலில்தான் செய்தேன். ஆற்றில் குப்பை கொட்டுவதற்கு யார் இருட்டும்வரை காத்திருக்கிறார்கள்?

அடுத்த வருஷம் நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. எத்தனையோ வருஷமாக மணலாகக் கிடந்த ஆறு இரண்டு கரையும் முட்ட ஓடியது. வெள்ளம் வடிந்த காலையில் மாமனார் ஊர்க்காரர்கள் ஆற்றைப் பார்க்கப் போனபோது, சீமைக் கருவேலம் புதருக்குள் இடுப்பளவு மணலில் ஒரு அம்மன் நின்றாளாம். ஓங்கிய கை, நீட்டிய நாக்கு. முதலில் பார்த்தவர் அப்பாதுரை.

எனக்குத் தேவகி சொல்லித்தான் தெரியும். “அப்பாவுக்கு அம்மன் கெடச்சிருக்குதுங்க. ஆத்துல வந்துதாம். அன்னையிலேர்ந்து குடிக்கவே இல்லியாம்” என்றாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் அப்பாவைப் பற்றிப் பேசி அப்படி சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். ஓலைக் கொட்டகைக்குள், மஞ்சள் பூசி, சிவப்புப் புடவை கட்டி, கழுத்தில் எலுமிச்சை மாலையோடு என்னுடைய மூன்றாம் வளைவு நின்றுகொண்டிருந்தது. இடது தோளில் ரயில் உரசிய தழும்புகூட அப்படியே இருந்தது. பல்பு போன கண்குழிகளின் மேல் யாரோ வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தியிருந்தார்கள். குகையிலும் வீடியோவிலும் எல்லோரும் மாமனாரைத்தான் பார்த்தார்களே தவிர, இவளை யாரும் கவனித்ததில்லை. தேவகி தரையில் விழுந்து கும்பிட்டாள். நானும் விழுந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் குடிக்காமல் இருக்கிறாரே, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் பொய்யில்லை. ஆனால் சொன்னால், அவளை ஆற்றில் வீசியவன் யார் என்ற கேள்வியும் வருமே, அதுவும்தான் காரணம். ஓலைக் கொட்டகை தகரக் கொட்டகை ஆனது. செவ்வாய், வெள்ளியில் வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வெள்ளத்தம்மன் என்று பெயர் வைத்தார்கள். முன்பு ‘டேய் அப்பாதுரை’ என்ற ஊர் இப்போது ‘பூசாரி ஐயா’ என்றது. கதை சொல்வதை நான் நிறுத்திக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கேட்டாலும், போன் மாத்திட்டேன், வீடியோ போச்சு என்பேன்.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். வண்டியை ஓரம் கட்டிப் பேசினேன்.

“சார், என் பேரு பிரவீனா. மூடிப்போன தீம் பார்க்ஸ் பத்தி யூடியூப்ல ஒரு சீரிஸ் பண்ணிக்கினு இருக்கேன். சந்தோஷத் தீவுல நீங்கதான் கோஸ்ட் கேவ் ஆபரேட்டர்னு வாட்ச்மேன் நம்பர் குடுத்தாரு.”

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ராட்டினம் எந்த வருஷம் வந்தது, டைனோசர் ஏன் தலையாட்டுவதை நிறுத்தியது என்றெல்லாம் அரை மணி நேரம் அளந்தேன். கடைசியில் அவள் கேட்டாள்.

“அந்தக் கேவ்ல எடுத்த ஒரு கிளிப் கெடச்சிருக்கு சார். ஒரு பழைய ஃபேஸ்புக் பேஜ்ல இருந்துச்சு. ஒரு தாத்தா அந்த ஸ்டாச்சூவப் பாத்து அழுவாரு. எபிசோட்ல ஹைலைட்டே அதான். அந்த ஸ்டாச்சூ இப்ப எங்க சார்?”

“தெரியாதும்மா. உடைச்சுப் போட்டிருப்பாங்க.”

“தாத்தா யாருன்னு தெரியுமா? அவருகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுப் போடலாம்னு பாக்கறேன். தெரியலன்னா முகத்த பிளர் பண்ணிட்டுப் போட்டுடுவேன்.”

அவர் முகத்தை மறைக்கலாம். அம்மன் முகத்தை இந்தப் பெண் மறைக்க மாட்டாளே. ஓங்கிய கையும் நாக்கும் தெரிந்தால் போதும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் போனை நீட்டி, பூசாரி ஐயா இது உங்க அம்மன்தானே, இது நீங்கதானே என்று கேட்பார். ஒரே நாளில் சாமியும் போகும், பூசாரியும் போவார். பிறகு அந்த மனிதர் எங்கே போய் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். வாலாஜாபாத் டாஸ்மாக்கில்தான்.

“அவரு எங்க மாமனாரும்மா” என்றேன்.

“அப்ப அவரையே கேட்டுச் சொல்லுங்க சார். அவரு வேணாம்னா கண்டிப்பா போட மாட்டேன். வெள்ளிக்கிழமை அப்லோட் பண்றேன்” என்று சொல்லி, கிளிப்பையும் அனுப்பி வைத்தாள்.

நல்ல பெண். அவரைக் கேட்காமலே நான் வேணாம் என்று சொல்லியிருக்கலாம், காரியம் முடிந்திருக்கும். அன்றைக்கு வேனில் காத்திருக்கும் நேரத்தில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கிளிப்பைப் போட்டேன். நூறு முறை பார்த்த வீடியோ. ஆனால் எல்லா முறையும் கல்யாணப் பந்தலில், நாலு பேர் சிரிப்புக்கு நடுவில்தான் பார்த்திருக்கிறேன். இயர்போனில் என் சிரிப்பு தனியாகக் கேட்டது. நாய் இருமுவதுபோல் இருந்தது. அதற்குக் கீழே மாமனார் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மூன்று முறை திருப்பிப் போட்டுத்தான் புரிந்தது.

“தாயே, என்ன எடுத்துக்கோ. பின்னாடி என் புள்ளைங்க இருக்குது. அதுங்கள உட்டுடு. நான் வரேன். நான் வரேன் தாயே.”

வருஷக்கணக்கில் நான் ஊர் ஊராகக் காட்டிச் சிரித்தது இதைத்தான். வேனுக்குள் ஒருவரும் இல்லை, இருந்தும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். இதை அவரிடம் கேட்காமல் நானே பதில் சொன்னால், அது இன்னொரு தமாஷ் ஆகிவிடும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பைக்கில் பழையசீவரம் போய் ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன். கொட்டகையில் கூட்டம் இல்லை. மாமனார் தனியாக, அம்மன் புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு, ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை அலங்காரத்துக்காக. என்னைப் பார்த்ததும் அவசரமாக அவள்மேல் ஒரு துணியைப் போர்த்தினார்.

“வாங்க மாப்ள. தேவகி, புள்ளைங்கள்லாம் நல்லா இருக்குதுங்களா? இந்த நேரத்துல வந்துக்கினு இருக்கீங்க.”

உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். பார்க் மூடியதைச் சொன்னேன், இரும்புக்காரனைச் சொன்னேன், ஓரிக்கையைச் சொன்னேன், பிரவீனாவைச் சொன்னேன். ஒன்றோடொன்று ஒட்டாமல், திக்கித் திக்கி. “மாமா, இந்த அம்மன் வந்து… இது வந்து…” என்று நின்றுவிட்டேன்.

“தெரியும் மாப்ள.”

துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“டெய்லி நான்தான கழுவறேன். முதுகுல நட்டு இருக்குது. கண்ணுக்குள்ள ஒயரு இருக்குது. அதெல்லாம் எதுக்கு, முள்ளுக்குள்ள நின்னுக்கினு இருக்கறப்பவே மூஞ்சி அடையாளம் தெரிஞ்சுடுச்சி. மறக்கற மூஞ்சியா அது?”

“அப்ப ஏன் மாமா…”

“அன்னிக்கு நான் கையெடுத்துக் கும்புட்டப்ப அல்லாரும் சிரிச்சீங்க. வெளிய வந்தும் சிரிச்சீங்க. சிரிக்காதது இவ ஒருத்திதான்.” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பேன். “வெள்ளத்துல பாத்தப்ப மடியில குவார்ட்டரு இருந்துச்சி. இவ எதிர்ல தொறக்க ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சி மாப்ள. மறுநாளும் அப்படித்தான். அவ்ளோதான், வேற அதிசயம்லாம் ஒண்ணும் இல்ல.”

போனை நீட்டினேன். வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு நிமிஷ வீடியோ. எனக்குத் தகரக் கொட்டகையைவிட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது. கொட்டகை முழுக்க என் சிரிப்புதான் கேட்டது. முடிந்ததும் மறுபடி போட்டார். அதுவும் முடிந்தது.

“மன்னிச்சிடுங்க மாமா” என்றேன். ஏழு வருஷம் கழித்து வந்த அந்த வார்த்தை என் காதுக்கே மலிவாகக் கேட்டது.

“ஐய, மாப்ள அப்டில்லாம் பேசக் கூடாது.” அவர்தான் பதறினார். போனைத் துண்டில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணுகிட்ட வாணாம்னு சொல்லிடுங்க.”

“சரிதான் மாமா. ஊர்ல உங்களுக்கு இருக்கிற மரியாதைக்கு…”

“எனக்கு இன்னா மாப்ள.” அவர் சின்னதாகச் சிரித்தார். “நான் வேட்டிய நனைச்சிக்கினது யாருக்குத் தெரியாது? நீங்க சொல்லாத பந்தல் எது? இவ பொம்மைன்னு தெரிஞ்சா நாலு பேரு போவாங்க, நாலு பேரு வருவாங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்.”

“அப்புறம் ஏன் வேணாம்ன்றீங்க?”

அவர் துணியை மறுபடி தண்ணீரில் முக்கினார். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார் என்று இப்போது புரிகிறது.

“இதுல உங்க சிரிப்புதான் பெருசா கேக்குது. ஒரு மனுசன் புள்ளைங்களுக்காவ அழுவறப்ப ஒருத்தன் இப்படிச் சிரிப்பானான்னு ஊரு கேக்கும். தேவகி இத சரியா கேட்டதில்ல. கேட்டான்னா அவளுக்கு மனசு உட்டுப்பூடும். அவ உங்களோட வாழணும் மாப்ள.”

துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, நேரமாச்சு, சாப்பிட்டுப் போகலாம் என்று முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டு வாசலில் நின்று பிரவீனாவுக்கு, அவர் வேணாம் என்கிறார் என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன். ஓகே சார், அவர் ஃபீலிங்ஸ் புரியுது என்று பதில் வந்தது.

மாமியார் எனக்கு மட்டும் இலை போட்டார். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்களுக்கு. மாமனார் எதிரில் நின்றுகொண்டு, “மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி, கொழம்பு ஊத்து, இன்னா இப்படிக் கொறிக்கிறாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. போதும் என்று சொன்னால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அவர் வைக்கச் சொன்னதையெல்லாம் வாங்கி வாங்கித் தின்றுகொண்டே இருந்தேன்.